ஆய்வுக்கூடக் கேள்வி–பதில்: விலங்கு மாதிரிகளில் சைட்டோகைனை அளக்கும்போது

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. ஆய்வக விலங்குகளின் சீரத்திலோ (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) திசுவிலோ உள்ள சைட்டோகைன் என்னும் செய்திப் புரதத்தை, எதிர்ப்பொருள்களின் துணையோடு புரதங்களை அளக்கும் எலைசா கிட் (சோதனைப் பெட்டி) கொண்டு அளக்கும்போது எழும் ஐயங்களே அவை. ஆகவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் சிலர் கிட்டையே குறை கூறியிருக்கிறார்கள். கிட்டுகளிலும் குறை இருப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதங்களில் சொல்லப்பட்ட சிக்கல்களில் பெரும்பாலானவை, மாதிரி தட்டில் இறங்குவதற்கு முன்பே நேர்ந்துவிட்டவை என்பதால், பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: நான் உயிரியல் ஆசிரியை; ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியதில்லை. “எலைசா கிட் மூலம் சைட்டோகைன் அளக்கப்பட்டது” என்று கட்டுரைகளில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? நிறம் எவ்வாறு எண்ணாகிறது?

பதில்: சைட்டோகைன்கள் என்பவை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் உயிரணுக்கள் உள்ளிட்ட பலவகை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்வதற்காகச் சுரக்கும் சிறு புரதங்கள். இரத்தத்தில் இவற்றின் அளவு மிகக் குறைவு. மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்றே குறிப்பிடுவார்கள். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் பிற புரதங்கள் 50 மில்லிகிராம் அளவில் நிறைந்திருக்கின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும் வேலையை எதிர்ப்பொருள்கள் செய்கின்றன.

தட்டில் 8 வரிசை, 12 பத்தி என 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும், தேடப்படும் சைட்டோகைனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். மாதிரியை இட்டு, காத்திருந்து, கழுவினால், பிடிபட்ட சைட்டோகைன் மட்டும் எஞ்சும். அடுத்து, அதே சைட்டோகைனின் வேறோர் இடத்தைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளை இடுகிறார்கள். அதனோடு பயோட்டின் இணைக்கப்பட்டிருக்கும். பயோட்டினை விடாமல் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம், பெராக்சிடேஸ் நொதியைச் சுமந்துகொண்டு அதன்மேல் ஏறி அமரும். கடைசியாக டிஎம்பி என்ற நிறமற்ற கரைசலை ஊற்றினால் நொதி அதை நீலமாக்கும். கந்தக அமிலம் சேர்த்ததும் வினை நின்று நிறம் மஞ்சளாகும். 450 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த மஞ்சள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கருவி படிக்கிறது. அளவு தெரிந்த திட்டக் கரைசல்களை அதே தட்டில் வைத்து வரைந்த வளைவின் துணைகொண்டு, மாதிரியின் நிறம் பிகோகிராமாக மாற்றப்படுகிறது.

கதிரியக்க அயோடினைக் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1959, 1960 ஆண்டுகளில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் வெளியிட்டனர். கதிரியக்கத்துக்குப் பதிலாக நொதியை வைக்கலாம் என்று 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும், அவர்களைச் சாராமல் நெதர்லாந்தில் வான் வீமன், ஷூர்ஸ் இருவரும் காட்டினர். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே உயிரணுவின் வழிவந்து ஒரே மாதிரியாக இருக்கும் ஒற்றை நகலி எதிர்ப்பொருள்களை உருவாக்கும் வழியைத் தந்த பிறகே, இத்தகைய கிட்டுகளை ஆண்டுக்கணக்கில் ஒரே தரத்தில் தயாரிப்பது இயலக்கூடியதாயிற்று. மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: இந்த எண் “சைட்டோகைன் எவ்வளவு இருந்தது” என்பதை நேரடியாகச் சொல்வதில்லை, “இந்த இரண்டு எதிர்ப்பொருள்களும் சேர்ந்து பற்றக்கூடிய நிலையில் எவ்வளவு இருந்தது” என்பதையே சொல்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சுண்டெலிகளுக்கு, அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாச் சுவர்ப் பொருளான லிப்போபாலிசாக்கரைடு செலுத்தி, 6 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தேன். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைன் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மருந்து செலுத்தாத கட்டுப்பாட்டுக் குழுவில் இன்டர்லியூக்கின்-6 என்ற சைட்டோகைனின் அளவும் வெற்றுக் குழிக்குச் சமமாக இருக்கிறது. கிட் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: திட்டக் கரைசல்களின் வளைவு ஒழுங்காக ஏறியிருந்தால் கிட் கெட்டுப்போகவில்லை. வளைவையே நீங்கள் குறிப்பிடாததால், அது நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுண்டெலிக்கு லிப்போபாலிசாக்கரைடு செலுத்தினால் இரத்தத்தில் டிஎன்எஃப்-ஆல்ஃபா 60 முதல் 90 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும்; பிறகு வேகமாக இறங்கி, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்டர்லியூக்கின்-6 சற்றுத் தாமதமாக, ஏறத்தாழ 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சம் காணும்; இன்டர்ஃபெரான்-காமா அதற்கும் பிந்தியது. ஆகவே 6-ஆம் மணியில் டிஎன்எஃப் தேடுவது, வண்டி போனபின் நிலையத்துக்கு வந்து நிற்பதற்கு ஒப்பானது. உங்கள் மாதிரிகள் வீணல்ல. அவற்றில் இன்டர்லியூக்கின்-6 இன்னும் அளக்கத்தக்க நிலையில் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் “டிஎன்எஃப் உயரவில்லை” என்று மட்டும் ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். எழுத உரிமையுள்ளது “6-ஆம் மணியில் உயர்ந்த நிலையில் இல்லை” என்பது மட்டுமே.

நலமான சுண்டெலியின் சீரத்தில் இன்டர்லியூக்கின்-6 கண்டறியும் எல்லைக்குக் கீழே இருப்பது மிக இயல்பான செய்தி. அழற்சி இல்லாதபோது அது சுரக்கப்படுவது மிகக் குறைவு. அங்கே பெரிய எண் வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூண்டில் சண்டை, மறைந்திருக்கும் தொற்று, பலமுறை பிடித்து இழுத்த அழுத்தம், சிறிய அறுவைக் காயம் ஆகிய எதுவும் அதை உயர்த்தக்கூடும்.

இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, உங்கள் சுண்டெலிகளின் இனவகை. சி3எச்/எச்இஜே என்ற வகை லிப்போபாலிசாக்கரைடுக்கு எதிர்வினை காட்டுவதே இல்லை. அப்பொருளை உயிரணு உணர்வதற்கு வேண்டிய டிஎல்ஆர்4 மரபணுவில் உள்ள பிறழ்வே காரணம் என்பது 1998-இல் தெரியவந்தது, அந்தக் கண்டுபிடிப்பின் வழியே புரூஸ் பியூட்லர் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இரண்டாவது, இரத்தம் எடுத்த நேரம். சுண்டெலி இரவில் உலவும் விலங்கு என்பதால் அதன் கார்டிகோஸ்டீரோன் அளவு இருள் தொடங்கும் வேளையில் உயர்ந்திருக்கும். அந்த ஹார்மோன் சைட்டோகைன் சுரப்பை அடக்கும். ஒரு குழுவுக்குக் காலையிலும் மற்றொன்றுக்கு மாலையிலும் இரத்தம் எடுத்திருந்தால், நீங்கள் அளந்தது மருந்தின் விளைவா, கடிகாரத்தின் விளைவா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

கேள்வி: சுண்டெலிக்கான இன்டர்லியூக்கின்-8 கிட் எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லையே, ஏன்?

பதில்: சுண்டெலிக்கும் எலிக்கும் இன்டர்லியூக்கின்-8 மரபணுவே இல்லை. நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்களை அழைக்கும் அந்தப் பணியை அவற்றில் கேசி என்னும் சிஎக்ஸ்சிஎல்1, எம்ஐபி-2 என்னும் சிஎக்ஸ்சிஎல்2 முதலியவை செய்கின்றன. அவற்றுக்கான கிட்டுகளை வாங்குங்கள். இன்டர்லியூக்கின்-8 தான் வேண்டுமென்றால் முயலிலும் கினிப் பன்றியிலும் அது உண்டு. “சுண்டெலி இன்டர்லியூக்கின்-8” என்று எழுதிய பெட்டி எங்கேனும் கிடைத்தால், உள்ளே எதன் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் மனித மாதிரிகளுக்காக வாங்கிய கிட்டுகள் மீதமிருக்கின்றன. அவற்றைச் சுண்டெலி மாதிரிகளுக்குப் பயன்படுத்தலாமா? டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனுக்கான கிட்டில் மட்டும் “பல விலங்குகளுக்கும் பொருந்தும்” என்று எழுதியிருக்கிறார்கள்.

பதில்: பொதுவான விடை, கூடாது என்பதுதான். இன்டர்லியூக்கின்-6 புரதத்தை எடுத்துக்கொண்டால், மனித வடிவமும் சுண்டெலி வடிவமும் அமினோ அமில வரிசையில் பாதியளவுகூட ஒத்திருப்பதில்லை. மனித இன்டர்லியூக்கின்-6 சுண்டெலி உயிரணுக்களைத் தூண்டும், சுண்டெலியுடையதோ மனித உயிரணுக்களைத் தூண்டாது. இன்டர்ஃபெரான்-காமாவும் இனம் தாண்டிப் பேசாத சைட்டோகைன்தான். சைட்டோகைனின் செய்தியை வாங்கும் உயிரணுவின் ஏற்பியே அடையாளம் காணாத இடத்தில் எதிர்ப்பொருள் காணும் என்று நம்புவதற்கில்லை. சுண்டெலிக்கும் எலிக்கும் இடையே நிலைமை சற்று மேல். டிஎன்எஃப்-ஆல்ஃபா அவ்விரண்டிலும் பெரிதும் ஒத்திருப்பதால் சில கிட்டுகள் இரண்டையும் காணும். ஆயினும், காண்பது வேறு, சரியான அளவைச் சொல்வது வேறு. எலி மாதிரிக்குச் சுண்டெலித் திட்டக் கரைசலை வைத்து வரைந்த வளைவு, ஒப்பீட்டுக்கு வேண்டுமானால் உதவலாம். பிகோகிராம் என்று எழுதுவதற்கு உதவாது.

டிஜிஎஃப்-பீட்டா1 விதிவிலக்கு. அதன் முதிர்ந்த வடிவம் பாலூட்டிகளிடையே ஏறக்குறைய மாறவே இல்லை. மனிதனுக்கும் சுண்டெலிக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. ஆகவே ஒரே கிட் இருவருக்கும் பொருந்துகிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஈடாக அது வேறு மூன்று தொல்லைகளைத் தருகிறது, அவற்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

உடலில் டிஜிஎஃப்-பீட்டா பெரும்பாலும் ஓர் உறைப் புரதத்துக்குள் அடைபட்டு, செயலற்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் கிட்டின் எதிர்ப்பொருள் அதைக் காணாது. மாதிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, ஏறத்தாழ 10 நிமிடம் வைத்து, பிறகு காரத்தால் நடுநிலையாக்கினால்தான் அது விடுபட்டு அளவுக்கு வரும். நடுநிலையாக்குவதில் சிறு பிழை நேர்ந்தாலும் குழியில் உள்ள எதிர்ப்பொருள் பாதிக்கப்படும் என்பதால், முதலில் வேண்டாத ஒரு மாதிரியில் அமில, கார அளவுகளைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்தது, தட்டணுக்களில் டிஜிஎஃப்-பீட்டா நிறையச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையும்போது அவை அதைக் கொட்டிவிடும். ஆகவே சீரத்தில் காணும் எண், விலங்கின் உடலில் சுற்றிவந்த அளவன்று. சோதனைக் குழாயில் உறைந்தபோது வெளிவந்த அளவும் அதில் கலந்திருக்கிறது. இரத்தத்தை உறையவிடாமல் பிரித்த, தட்டணுக்கள் நன்கு நீக்கப்பட்ட பிளாஸ்மாவையே எடுங்கள். மூன்றாவது, வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் மாட்டுக் கரு சீரத்திலும் அடைபட்ட டிஜிஎஃப்-பீட்டா உண்டு. அதையும் கிட் கண்டுவிடும். உயிரணுக்கள் இல்லாத ஊடகத்தை அதே அமில முறைக்கு உட்படுத்தி அளந்து கழிக்க வேண்டும். சீரம் சேர்க்காத ஊடகத்தில் வளர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சீரம் எடுப்பதா, பிளாஸ்மா எடுப்பதா? ஒரு சுண்டெலியிலிருந்து எவ்வளவு கிடைக்கும்? சில மாதிரிகள் சிவந்து போயிருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: எதை எடுத்தாலும் ஆய்வு முழுவதும் அதையே எடுங்கள் என்பதே முதல் விதி. சீரத்துக்கு இரத்தத்தை அறை வெப்பநிலையில் 30 நிமிடமாவது உறைய விட்டு, 1000 மடங்கு புவியீர்ப்பில் 15 நிமிட அளவு சுழற்றிப் பிரிப்பது வழக்கம். உறையும் வேளையில் இரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. அவை சுரக்கவும் செய்யும், அழியவும் செய்யும். ஆகவே ஒரு குழாய் 30 நிமிடமும் இன்னொன்று 3 மணி நேரமும் காத்திருந்தால் இரண்டையும் ஒப்பிடுவது சரியாகாது. பிளாஸ்மாவில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைக் கவனிக்க வேண்டும். ஹெப்பாரின் சில சைட்டோகைன்களையும், உயிரணுக்களை ஈர்க்கும் வகையான கீமோகைன்களையும் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். ஈடிடிஏ உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வதால், பெராக்சிடேசுக்குப் பதிலாக ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி வைத்த கிட்டில் அந்த நொதியைத் தடுக்கக்கூடும். கையேட்டில் எந்தக் குழாய்க்குச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமலே விலங்கை மயக்கத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பலர் என்பது என் நெடுநாள் மனக்குறை.

சுண்டெலியின் உடலில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 72 மில்லிலிட்டர் இரத்தம் என்று கொள்ளலாம். 25 கிராம் எடையுள்ள விலங்குக்கு இது 1.8 மில்லிலிட்டர். உயிரோடு வைத்துக்கொண்டு ஒருமுறை எடுப்பதானால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டல். அதாவது 0.18 மில்லிலிட்டர்; அதில் சீரமாகக் கையில் வருவது பாதியோ அதற்கும் குறைவோதான். ஒரு குழிக்கு 50 அல்லது 100 மைக்ரோலிட்டர் கேட்கும் கிட்டில் இரட்டைக் குழிகளும் வைக்க வேண்டுமென்றால், நீர்க்காமல் வழியில்லை. எந்த நீர்த்தலில் ஓட்டப்போகிறோம், எத்தனை சைட்டோகைன்களை அளக்கப்போகிறோம் என்பதை விலங்கைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். மிகச் சிறிய அளவிலிருந்து பலவற்றை அளக்க வேண்டுமானால் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளைப் பயன்படுத்தும் பன்மடங்கு முறைகளைக் கருதலாம்.

சிவந்த மாதிரிகளில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளிவந்திருக்கிறது. ஹீமோகுளோபினுக்குத் தானே பெராக்சிடேஸ் போலச் செயல்படும் குணம் சற்று உண்டு. குழியை நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும் என்றாலும், அணுக்களின் உள்ளிருந்து வந்த புரதச் சிதைப்பு நொதிகள் அதற்குள் தம் வேலையைக் காட்டியிருக்கலாம். இளஞ்சிவப்பை ஏற்கலாம், குறித்து வைத்துக்கொண்டு. அடர் சிவப்பை விலக்குங்கள். ஆனால் விலக்கும் அளவுகோலை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். சேமிப்பைப் பொறுத்தவரை, ஒருமுறைக்கு வேண்டிய சிறு பகுதிகளாகப் பிரித்துக் கழி 80 பாகை செல்சியசில் வைப்பது போதும். உருக்கி மீண்டும் உறைய வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே சீரத்தை 2, 4, 8, 16 மடங்கு நீர்த்து அளந்தேன். நீர்த்தலைப் பெருக்கிய பின் முறையே 120, 185, 210, 205 பிகோகிராம் வருகிறது. எது சரி?

பதில்: 210-ஐ ஒட்டிய அளவே சரி. நீங்கள் செய்திருப்பதும் மிகச் சரியான சோதனை. எல்லோரும் செய்ய வேண்டியது, சிலரே செய்வது.

திட்டக் கரைசல்கள் கிட்டோடு வரும் தூய நீர்ப்பானில் இருக்கின்றன. உங்கள் மாதிரியோ புரதம், கொழுப்பு, கரைந்த ஏற்பிகள், பிற எதிர்ப்பொருள்கள் எல்லாம் நிறைந்த சீரத்தில் இருக்கிறது. இரண்டு சூழலிலும் எதிர்ப்பொருள் ஒரே விதமாகப் பற்றும் என்ற அனுமானத்தின் மேல்தான் கணக்கு முழுவதும் நிற்கிறது. சீரம் அடர்த்தியாக உள்ளபோது ஏதோ ஒன்று பிணைப்பைத் தடுக்கிறது. நீர்க்க நீர்க்க அந்தத் தடை விலகுகிறது. 8 மடங்கில் எண் நிலைகொள்கிறது. அங்கிருந்தே உங்கள் மாதிரிகளை ஓட்டுங்கள். இதனோடு ஒரு மீட்புச் சோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்: நீர்த்த சீரத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மட்டும் தெரிந்த அளவு திட்டச் சைட்டோகைனைச் சேர்த்து இரண்டையும் அளந்தால், வேறுபாடு சேர்த்த அளவில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறோம்.

எண்கள் எங்குமே நிலைகொள்ளாமல் நீர்த்தலோடு ஏறிக்கொண்டே போனால் வேறொரு சாத்தியமும் உண்டு. மாதிரியையும் இரண்டாவது எதிர்ப்பொருளையும் ஒரே நேரத்தில் இடும் கிட்டுகளில், சைட்டோகைன் அளவுமீறி இருந்தால் அடியில் உள்ள எதிர்ப்பொருளைச் சில மூலக்கூறுகளும் மேலே வரும் எதிர்ப்பொருளை வேறு சில மூலக்கூறுகளும் தனித்தனியே பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது. அப்போது மிக அதிகமான மாதிரி, குறைவானதாகத் தோற்றம் தரும். இடையில் கழுவும் படியுள்ள கிட்டுகளில் இது அரிது.

கேள்வி: திட்ட வளைவுக்கு நேர்கோடு வரைந்தால் போதாதா? கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-வர்க்கம் 0.98 வருகிறதே.

பதில்: போதாது. எலைசாவின் வளைவு இயல்பிலேயே கீழே தட்டையாகி, நடுவில் ஏறி, மேலே மீண்டும் தட்டையாகும். கீழ் எல்லை, மேல் எல்லை, நடுப்புள்ளி, சரிவு என்ற நான்கு அளவுருக்களால் அதைப் பொருத்துவதே முறை. நேர்கோட்டின் ஆர்-வர்க்கத்தை உயர்ந்த திட்டக் கரைசல்களே தூக்கி நிறுத்திவிடும். உங்கள் மாதிரிகள் குவிந்திருக்கும் கீழ்ப்பகுதியில் கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது மறைத்துவிடும். ஒவ்வொரு திட்டக் கரைசலின் நிறத்தையும் வளைவில் திருப்பி இட்டு, அதன் உண்மை அளவு வருகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனை ஆர்-வர்க்கத்தைவிட நேர்மையானது. உச்சத் திட்டக் கரைசலைத் தாண்டிய மாதிரியை வளைவை நீட்டிக் கணக்கிடாதீர்கள், நீர்த்து மீண்டும் ஓட்டுங்கள். ஒளி உறிஞ்சல் 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் கடந்து வருகிறது. அந்த இடத்தில் பல கருவிகளின் சொல்லை நம்ப முடியாது.

கேள்வி: இரட்டைக் குழிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தட்டின் ஓரக் குழிகள் எப்போதும் அடர்ந்த நிறம் காட்டுகின்றன. சில குழிகள் பச்சையாகவே நின்றுவிட்டன.

பதில்: பச்சைக்கு விடை எளிது: நிறுத்தும் அமிலம் முழுதாகக் கலக்காததால் நீலமும் மஞ்சளும் சேர்ந்து தெரிகின்றன. தட்டை மெல்லத் தட்டிக் கலக்கி, அதன்பின் படியுங்கள். ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிட விரைவில் வெப்பம் ஏறும், விரைவில் நீர் ஆவியாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டும் கரைசல்களும் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். தட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

இரட்டைக் குழிகளின் வேறுபாட்டுக்கு, என் கணிப்பில், கழுவுவதே முதல் காரணமாக இருக்கும். குழி நிரம்பக் கழுவுநீர் விட்டு, முழுதாகக் கவிழ்த்து, உறிஞ்சு தாளில் அறைந்து, எஞ்சிய துளியும் போகும்படி செய்ய வேண்டும். ஆனால் குழிகளை உலரவும் விடக்கூடாது. டிஎம்பி இட்ட அதே வரிசையில், அதே இடைவெளியில் நிறுத்தும் அமிலத்தையும் இடுங்கள். ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன்: கழுவுநீரிலோ மாதிரியிலோ கெடாமல் இருப்பதற்காகச் சோடியம் அசைடு சேர்த்திருந்தால், அது பெராக்சிடேசை முடக்கி எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும்.

கேள்வி: டிஎன்எஃப்-ஆல்ஃபாவை நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினோம். நோய்க்குறிகள் குறைந்தன, ஆனால் சீரத்தில் டிஎன்எஃப் கூடியிருப்பதாக எலைசா சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். தனித்திருக்கும் டிஎன்எஃப் சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து அகற்றப்பட்டுவிடும். எதிர்ப்பொருளோடு பிணைந்த டிஎன்எஃப் செயலிழந்து போனாலும், எதிர்ப்பொருளின் நீண்ட ஆயுளில் பங்கு பெற்று நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கிட்டின் எதிர்ப்பொருள்கள் வேறு இடங்களைப் பற்றுபவையாக இருந்தால், அந்தச் செயலற்ற இணைப்பையும் அவை எண்ணிவிடும். அளவு கூடியதாகத் தோன்றும். மாறாக, செலுத்திய எதிர்ப்பொருள் மூடிய இடத்தையே கிட்டும் தேடினால், இருப்பதும் இல்லாததாகத் தோன்றும். மனிதர்களில் இன்டர்லியூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்துக்குப் பின் சீரத்தில் இன்டர்லியூக்கின்-6 உயர்வதும் இதை ஒத்த நிகழ்வே. ஏற்பி வழியாக அகற்றப்படும் பாதை அடைபடுவதால் அது தேங்குகிறது.

இந்தத் தேக்கத்தையே பயனாக மாற்றிக்கொண்ட முறையும் இருக்கிறது. பயோட்டின் இணைத்த எதிர்ப்பொருளைச் சிறிதளவு சுண்டெலிக்குச் செலுத்திவிட்டால், சுரக்கும் சைட்டோகைன் அதனோடு பிணைந்து சேர்ந்துகொண்டே வரும். சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, வேறோர் எதிர்ப்பொருள் பூசிய தட்டில் அந்த இணைப்பை அளப்பார்கள். ஒரு கணத்தின் அளவுக்குப் பதிலாக அந்த மணிநேரங்களில் மொத்தம் எவ்வளவு சுரந்தது என்பது அதில் தெரியும். மிக விரைவில் மறைந்துவிடும் சைட்டோகைன்களுக்கு இது பொருத்தமான வழி.

உங்கள் ஆய்வில் இன்னோர் ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். செலுத்தியது எலியில் உருவாக்கிய எதிர்ப்பொருள் என்றால், பலநாள் செலுத்திய சுண்டெலிகள் அதற்கு எதிராகத் தாமே எதிர்ப்பொருள் உண்டாக்கும். சுண்டெலிச் சைட்டோகைன் கிட்டுகள் பலவற்றில் உள்ளவையும் எலி எதிர்ப்பொருள்களே. சுண்டெலியின் அந்தப் புதிய எதிர்ப்பொருள், கிட்டின் இரண்டு எதிர்ப்பொருள்களையும் ஒருங்கே பிடித்துப் பாலம் போட்டுவிட்டால், சைட்டோகைன் இல்லாமலே மஞ்சள் நிறம் வரும். தொடர்பில்லாத எலி எதிர்ப்பொருளைச் செலுத்திய கட்டுப்பாட்டுக் குழு ஒன்று இருந்தால் இது வெளிப்படும். இயலுமானால் உயிரணுக்களைக் கொண்டும் சரிபாருங்கள்; டிஎன்எஃப்பால் மடியும் எல்929 உயிரணுக்கள், செயல்படும் டிஎன்எஃப்பை மட்டுமே அறியும்.

கேள்வி: நுரையீரல் திசுவை அரைத்து இன்டர்லியூக்கின்-1 பீட்டா அளக்கிறேன். முடிவை எப்படி எழுதுவது?

பதில்: சிதைப்பு நொதித் தடுப்பான்கள் கலந்த குளிர்ந்த கரைசலில் அரைத்து, சுழற்றித் தெளிந்ததை எடுத்து, அதன் மொத்தப் புரதத்தையும் அளந்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை பிகோகிராம் என்று எழுதுவது வழக்கம். அழற்சியால் நுரையீரலுக்குள் பிளாஸ்மா கசிந்திருந்தால் புரத அளவே கூடியிருக்கும் என்பதால், திசுவின் எடைக்கு ஈடான கணக்கையும் உடன் தாருங்கள். அரைக்கும் கரைசலில் உள்ள சோப்புப் பொருள் எதிர்ப்பொருள் பிணைப்பைக் கெடுக்கக்கூடும். திட்டக் கரைசலை அதே கரைசலில் நீர்த்துச் சோதியுங்கள்.

இன்டர்லியூக்கின்-1 பீட்டாவில் கூடுதலாக ஒன்று. உயிரணுக்களுக்குள் அது 31 கிலோ டால்டன் (மூலக்கூறு எடை அலகு) முன்வடிவமாகத் தேங்கியிருந்து, வெட்டப்பட்ட பிறகே 17 கிலோ டால்டன் செயல்வடிவமாகிறது. அரைக்கும்போது நீங்கள் உயிரணுக்களை உடைத்து முன்வடிவத்தையும் வெளியே எடுத்துவிடுகிறீர்கள். சில கிட்டுகள் இரண்டையும் பிரித்தறிவதில்லை. “செயல்படும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா உயர்ந்தது” என்று எழுத விரும்பினால், புரதங்களை அளவின்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 17 கிலோ டால்டன் பட்டையையும் காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு குழுவுக்கு 6 சுண்டெலிகள், ஒவ்வொன்றுக்கும் 2 குழிகள். எண்ணிக்கையை 12 என்று கொள்ளலாமா? எல்லைக்குக் கீழே வந்தவற்றுக்குச் சுழியம் இடலாமா?

பதில்: எண்ணிக்கை 6 தான். இரண்டு குழிகள் உங்கள் பிப்பெட்டைப் பற்றிச் சொல்கின்றன. விலங்குகளின் வேறுபாட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டின் சராசரியை அந்த விலங்கின் ஒரே மதிப்பாகக் கொள்ளுங்கள். மருந்து ஒரு கூண்டின் குடிநீர் வழியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், கூண்டே அலகாகிவிடும். அப்போது எண்ணிக்கை இன்னும் குறையும்.

சுழியம் இடாதீர்கள். அந்த மதிப்பு எல்லைக்குக் கீழே எங்கோ இருக்கிறது என்பதே நமக்குத் தெரிந்தது. எத்தனை விலங்குகள் எல்லைக்குக் கீழே வந்தன என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். சிலவே என்றால் தரவரிசை அடிப்படையிலான சோதனை போதும், பாதிக்கு மேல் என்றால் சராசரியை ஒப்பிடுவதை விட்டுவிட்டு “கண்டறியப்பட்டது, கண்டறியப்படவில்லை” என்று பிரித்து ஒப்பிடுங்கள். எஞ்சியவற்றை மடக்கை அளவில் பார்ப்பது நல்லது, ஏனெனில் சைட்டோகைன் மதிப்புகள் ஒரு பக்கமாக நீண்டு கிடப்பவை. விலங்கு ஆய்வுகளைக் கட்டுரையாக எழுதுவதற்கான, 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டல், பரிசோதனை அலகையும் விலக்கிய விலங்குகளையும் காரணத்தோடு குறிப்பிடச் சொல்கிறது.

கேள்வி: வேறொரு குழுவின் கட்டுரையில் 300 பிகோகிராம் என்கிறார்கள்; அதே சோதனையில் எனக்கு 90 தான். மேலும், பழைய கிட்டின் மிச்சக் கரைசல்களைப் புதிய தட்டோடு சேர்க்கலாமா?

பதில்: இரண்டு கேள்விக்கும் காரணம் ஒன்றே. ஒவ்வொரு கிட்டும் தன் எதிர்ப்பொருள் இணையையும் தன் திட்டக் கரைசலையும் கொண்டு தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கிட்டுகளில் தனி எண்கள் மும்மடங்கு விலகுவதில் வியப்பில்லை. ஒப்பிட வேண்டியது, கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் சோதனைக் குழுவுக்கும் உள்ள விகிதம் அவர்களிடமும் உங்களிடமும் ஒரே போக்கில் இருக்கிறதா என்பதையே. கட்டுரையில் கிட்டின் பெயரோடு பட்டியல் எண்ணையும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள்.

வெவ்வேறு தொகுதிகளின் கரைசல்களைக் கலக்காதீர்கள். கழுவுநீரும் நிறுத்தும் அமிலமும் பெரிதாகத் தொல்லை தரா; எதிர்ப்பொருள்களும் திட்டக் கரைசலும் ஸ்ட்ரெப்டாவிடின் நொதியும் தரும். பல தட்டுகள் தேவைப்படும் ஆய்வென்றால் முழுவதற்கும் ஒரே தொகுதியில் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் எல்லாக் குழுக்களின் விலங்குகளும் கலந்திருக்கும்படி இடம் ஒதுக்குங்கள். கட்டுப்பாடு ஒரு தட்டிலும் சோதனைக் குழு இன்னொன்றிலும் போனால், தட்டுகளுக்கிடையிலான வேறுபாட்டை மருந்தின் விளைவிலிருந்து பிரிக்கவே முடியாது. லிப்போபாலிசாக்கரைடு செலுத்திய சில விலங்குகளின் சீரத்தை ஒன்றாகக் கலந்து, சிறு பகுதிகளாக உறைய வைத்து, ஒவ்வொரு தட்டிலும் அதில் ஒரு பகுதியை ஓட்டுங்கள். அந்த மாதிரியின் மதிப்பு ஒரு தட்டில் மட்டும் வழக்கத்தைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், அந்தத் தட்டின் முடிவுகளைச் சேர்ப்பதற்கு முன் மீண்டும் ஓட்டுங்கள்.